கத்தியோடு கடமை முடிந்துவிடுமா?

இந்த வாரம் பெண்களுக்கு வருகிற ஒரு நோயைப் பற்றித் தலையங்கம் எழுதுகிறோம். கூலி, போனஸ், பஞ்சப்படி, வேலைநீக்கம் என்று எழுத வேண்டிய விஷயங்கள் எத்தனையோ இருக்க, இது எதற்கு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நூற்பாலைகளில் ஸ்பின்னிங் மெஷினுக்கு முன்னால் ஷிப்டு முழுவதும் கால்கடுக்க நிற்பவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். நடவு வயலில் இடுப்பொடியக் குனிந்து நிற்பவர்கள் யார் என்று பார்க்கட்டும். அந்தப் பெண்களின் உடம்புக்கு வருவது தொழிலாளர் பிரச்னை இல்லையென்றால், வேறு எதுதான் தொழிலாளர் பிரச்னை?

நோயின் பெயர் சினைப்பை நீர்க்கட்டி நோய். டாக்டர்கள் பி.சி.ஓ.எஸ். என்று எழுதுவார்கள். நம் பெண்கள் சுருக்கமாக ‘நீர்க்கட்டி’ என்பார்கள். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 8 முதல் 13 பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2023-ல் மதிப்பிட்டது. இவர்களில் 70 சதவிகிதம் வரை, தங்களுக்கு என்ன நோய் என்றே அறியாமல் வாழ்கிறார்கள் என்றும் அது கூறியது.

இந்த நோயோடு உடல் எடையும் மிகவும் கூடிவிட்ட பெண்களுக்கு, இரைப்பையைச் சிறியதாக்கும் ஆபரேஷன் இன்று செய்யப்படுகிறது. பணக்காரர்களின் ஆஸ்பத்திரிகளில் மட்டுமே நடந்து வந்த இந்த வைத்தியம், இப்போது சில சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் நடக்கிறது. இதை வரவேற்கிறோம். ஆனால் தையல் பிரித்து, சீட்டுக் கொடுத்து, பஸ் ஏற்றி அனுப்பிய பிறகு அந்தப் பெண்ணின் கதி என்ன? மில் கேட்டிலும் வயல் வரப்பிலும் அவளை யார் கவனிக்கிறார்கள்? இதுதான் நமது கேள்வி.

நோய் எது?

1935-ம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்து டாக்டர்கள் ஸ்டெயின், லெவந்தால் என்ற இருவர், ஏழு பெண்களிடம் கண்டதை எழுதி வைத்தார்கள். மாதவிடாய் வருவதில்லை, சினைப்பை பெருத்து, அதில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் நிறைந்திருக்கின்றன. அதிலிருந்துதான் ‘நீர்க்கட்டி’ என்ற பெயர் வந்தது. உண்மையில் அவை கட்டிகளே அல்ல. முதிர்ந்து வெளிவர வேண்டிய கருமுட்டைகள், முதிராமல் பாதியில் நின்றுபோன பைகள் அவை. ஆகவே ‘கட்டி’ என்ற சொல்லைக் கேட்டுப் புற்றுநோயோ என்று யாரும் நடுங்க வேண்டியதில்லை.

நோயின் வேர் சினைப்பையில் மட்டும் இல்லை. நாம் தின்னும் சோற்றிலுள்ள சர்க்கரையை உடம்பு பயன்படுத்திக்கொள்ள இன்சுலின் என்ற சுரப்பு வேண்டும். இந்த நோயுள்ள பெண்களில் பெரும்பாலோரின் உடம்பு இன்சுலினுக்குச் சரியாகப் பணிவதில்லை. பணியாததால் உடம்பு மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. மிதமிஞ்சிய இன்சுலின், சினைப்பையைத் தூண்டி டெஸ்டோஸ்டெரோன் என்னும் ஆண் சுரப்பை அதிகமாக்குகிறது. அதன் விளைவாகக் கருமுட்டை முதிர்வதில்லை. மாதவிடாய் இரண்டு மாதம், நான்கு மாதம் என்று தள்ளிப் போகிறது. முகத்தில் ரோமம் முளைக்கிறது, பரு வருகிறது, தலைமுடி உதிர்கிறது. பலருக்குக் கழுத்து கறுக்கிறது. எடை கூடினால் இன்சுலின் கூடுகிறது. இன்சுலின் கூடினால் எடை கூடுகிறது. செக்கு மாடு போல் இந்தச் சுற்று நடந்துகொண்டே இருக்கிறது.

“உட்கார்ந்து தின்பவர்களுக்கு வருகிற நோய்” என்று இதைக் கேலி பேசுவோர் உண்டு. உட்காரவே நேரமில்லாத நம் பெண்களுக்கு இது ஏன் வருகிறது? வம்சவழி ஒரு காரணம். ரேஷன் அரிசியே மூன்று வேளையும் முக்கிய உணவாக இருக்கிற தட்டு மற்றொரு காரணம். இரவு ஷிப்டும் தூக்கக் குறைவும் இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவிகிதம் பேர் அளவுக்கு மேல் எடையுள்ளவர்கள். 2015-16-ல் இது 30.9 சதவிகிதம். அதே கணக்கெடுப்பில், ரத்தசோகை உள்ள பெண்கள் 53.4 சதவிகிதம். எடை கூடியவர்களும் ரத்தம் குறைந்தவர்களும் வெவ்வேறு கூட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. வயிறு நிரம்பினாலும் சத்துச் சேராத தட்டு, ஒரே பெண்ணுக்கு இரண்டையும் கொடுக்கும். இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வருவோம்.

ஆபரேஷன் செய்வது என்ன?

இரண்டு முறைகள் அதிகமாக நடக்கின்றன. ஒன்றில், இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போன்ற குழாயாக்கி விடுகிறார்கள். இதை ‘ஸ்லீவ்’ என்கிறார்கள். மற்றொன்று ‘பைபாஸ்’. இரைப்பையின் மேல்பக்கத்தில் முட்டையளவு பையை மட்டும் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். உணவு, இரைப்பையின் பெரும் பகுதியையும் குடலின் முதல் பகுதியையும் தொடாமல் போய்விடுகிறது. இந்த பைபாஸ் முறையை 1966-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக் கழகத்தில் டாக்டர் எட்வர்ட் மேசன் முதலில் செய்தார்.

எல்லா நீர்க்கட்டி நோயாளிக்கும் இந்த ஆபரேஷன் தேவையில்லை. ஒல்லியான பெண்களுக்கும் இந்த நோய் உண்டு. எடை கூடியவர்களிலும், 100 கிலோவில் 5 முதல் 10 கிலோ குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகிவிடுகிறது. உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதம் 35-க்கு மேல் போனவர்களுக்கு, அதாவது ஐந்தடி உயரமுள்ள பெண் சுமார் 81 கிலோவுக்கு மேல் இருந்தால், ஆபரேஷனைச் சிபாரிசு செய்யலாம் என்று 2022-ல் சர்வதேச அறுவை மருத்துவர் சங்கங்கள் கூறின. ஆசிய மக்களுக்கு அதற்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வந்துவிடுவதால், நமக்கு அந்த வரம்பைத் தாழ்த்தியும் வைத்தார்கள்.

பலன் உண்டா? உண்டு. 2024-ல் பிரிட்டனிலிருந்து ஒரு பரிசோதனையின் முடிவு வெளியாயிற்று. எடை மிகுந்து, மாதவிடாய் தவறிக்கொண்டிருந்த நீர்க்கட்டி நோயாளிகள் 80 பேரில் பாதிப் பேருக்கு ஸ்லீவ் ஆபரேஷனும், பாதிப் பேருக்கு மருந்தும் உணவு யோசனையும் கொடுத்து, 52 வாரம் கவனித்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குக் கருமுட்டை தானாக வெளிவந்தது மற்றவர்களைப் போல் இரண்டரை மடங்கு. சர்க்கரை இறங்குகிறது, கழுத்துக் கறுப்பு மங்குகிறது, இன்சுலின் அடங்குவதால் ஆண் சுரப்பும் அடங்குகிறது. இவையெல்லாம் உண்மை.

ஆனால் நோய் வேரோடு போய்விடவில்லை என்பதும் உண்மை. இரண்டு மூன்று ஆண்டுகளில் எடை மறுபடியும் ஏறினால், பழைய தொல்லைகளும் திரும்பக்கூடும். ஆபரேஷன் ஆகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று மெட்பார்மினைத் தாமாகவே நிறுத்திவிடும் பெண்கள் உண்டு. நிறுத்துவதா, குறைப்பதா என்பதை ரத்தப் பரிசோதனை செய்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மாதவிடாய் திரும்பும்போது

பல ஆண்டுகளாக மாதவிடாய் சரியாக வராமல், “மலடி” என்ற ஏச்சைக் கேட்டுக் கேட்டு மனம் புண்பட்ட ஒரு நூற்பாலைப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். ஆபரேஷன் ஆகி மூன்று நான்கு மாதத்தில் அவருக்கு மாதவிடாய் திரும்புகிறது. சந்தோஷம்தான். அதே சமயத்தில், அதுவரை இல்லாத ஓர் ஆபத்தும் வருகிறது. அவர் இப்போது கர்ப்பமாகக் கூடும். எடை வேகமாக இறங்குகிற அந்த ஓராண்டில் தாய்க்கே சத்து எட்டாது. வயிற்றுப் பிள்ளைக்கு எங்கிருந்து எட்டும்? ஆகவேதான் ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப் போட வேண்டும் என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள்.

எப்படித் தள்ளிப் போடுவது? வழக்கமான கர்ப்பத்தடை மாத்திரையை பைபாஸ் ஆனவர்கள் நம்பியிருக்க முடியாது. குடல் வழி மாறிவிட்டதால் மாத்திரை உடம்பில் முழுவதும் சேராமல் போகலாம். வாந்தி, பேதி இருந்தால் எந்த ஆபரேஷன் ஆனவருக்கும் இதே கதைதான். வயிற்று வழியே போகாத முறைகளே நம்பகமானவை. காப்பர்-டி சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அது சிலருக்கு மாதவிடாய்ப் போக்கை அதிகமாக்கும். ரத்தசோகை உள்ளவர் இதை டாக்டரிடம் சொல்லி, போக்கைக் குறைக்கும் ஹார்மோன் சுருள் தமக்கு ஏற்றதா என்று கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயம். பழைய வழக்கப்படி மாதவிடாய் தள்ளிப் போனால், “எனக்கு எப்போதும் இப்படித்தான்” என்று இருந்துவிடக் கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகு தள்ளிப் போனால், முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கர்ப்பம் இல்லாமலே மூன்று மாதத்துக்கு மேல் வரவில்லை என்றாலும் சும்மா இருக்கக் கூடாது. உதிரம் வெளியேறாமல் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போனால், நாளாவட்டத்தில் அது புற்றுநோய்க்கும் வழி விடக்கூடும். மருந்து கொடுத்து மாதவிடாயை வரவழைப்பது இதற்காகத்தான். வெறும் கணக்குக்காக அல்ல.

கர்ப்பமான பிறகு, சர்க்கரை நோய் உண்டா என்று பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். பைபாஸ் ஆன பெண் அதைக் குடித்தால், சர்க்கரை ஒரேயடியாகக் குடலில் இறங்கி, நெஞ்சு படபடத்து, வேர்த்து, மயக்கம் வந்துவிடலாம். அவருக்கு விரலில் ரத்தம் எடுத்துச் சில நாள் தொடர்ந்து பார்ப்பது போன்ற வேறு வழி உண்டு. தமக்கு என்ன ஆபரேஷன் நடந்தது என்பதைச் சகோதரிகள் நர்ஸிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்வதற்கு அவர்கள் கையில் தமிழில் எழுதிய ஒரு சீட்டு வேண்டாமா?

ரத்தமும் சத்தும்

முன்னே சொன்ன கணக்கை இங்கே நினைவுபடுத்துகிறோம். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குடலின் முதல் பகுதியில். பைபாஸ் அந்தப் பகுதியையே தாண்டிப் போகிறது. பி-12 சத்து சேர இரைப்பையின் சுரப்பு வேண்டும். ஸ்லீவ் அந்த இரைப்பையைத்தான் வெட்டுகிறது. போதாததற்கு, மெட்பார்மின் மாத்திரையும் நாளடைவில் பி-12-ஐக் குறைக்கும். இத்தனைக்கும் மேலே, நின்றுபோயிருந்த மாதவிடாய் மாதாமாதம் வரத் தொடங்குகிறது. வரவு குறைந்து செலவு கூடிய குடும்பத்தின் நிலைதான் அந்த உடம்புக்கும்.

ஆகவே இரும்பு, பி-12, போலிக் அமிலம், கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சில மாதம் எடுத்துவிட்டு நிறுத்துகிற மாத்திரைகள் அல்ல இவை. கால்சியம் மட்டும் நாளுக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம் தேவை. இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று கெடுக்கும். இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். டீயோடு இரும்பு மாத்திரை போட்டால் அதுவும் வீண். ஷிப்டுக்கு ஷிப்டு டீக்குடித்து உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் நம் பெண்களுக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறார்களா?

முதலாண்டில் மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் ரத்தப் பரிசோதனை வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது வேண்டும். கை கால் மரத்துப் போனால், நடை தடுமாறினால், கண் இரண்டிரண்டாகத் தெரிந்தால், அது வேலைக் களைப்பு அல்ல. முக்கியமாக, நாள்கணக்கில் வாந்தி நிற்கவில்லை என்றால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பி-1 சத்து வற்றி, மூளையே நிரந்தரமாகக் கெட்டுவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. சரியான நேரத்தில் போட்ட ஊசி அதைத் தடுத்துவிடும்.

புரதமும் அப்படியே. நாளுக்கு 60 கிராமாவது வேண்டும். இரண்டு முட்டை, அரை லிட்டர் பால், 100 கிராம் மீன், 50 கிராம் பருப்பு: இத்தனையும் சேர்ந்தால்தான் ஏறக்குறைய 60 கிராம் ஆகிறது. மீன் தின்னாதவர்கள் கடலை, பயறு, தயிர் என்று கூட்டிக்கொள்ள வேண்டும். தட்டில் முதலில் இவற்றைத் தின்றுவிட்டுப் பிறகுதான் சோறு. ஏனென்றால் அந்தச் சிறு வயிற்றில் சோறு முதலில் நிரம்பிவிட்டால், மற்றதற்கு இடமில்லை. எல்லாம் சரி, தினந்தோறும் இதை வாங்கக் கூலி எங்கே என்று நம் சகோதரி கேட்பார். அவர் கேட்பது நியாயம். குடும்பத்தில் ஆண்களும் பிள்ளைகளும் தின்று மிஞ்சியதைத் தின்கிற வழக்கத்தையாவது அந்த வீடு முதலில் கைவிட வேண்டும்.

வலி மாத்திரை

2019-ம் ஆண்டில் ஒரு சர்வதேசச் செய்தி நிறுவனம், தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் விசாரித்து ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னால், வீட்டுக்கு அனுப்பாமல், பெயரில்லாத மாத்திரை ஒன்றைக் கொடுத்து மெஷினுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள், டாக்டர் பார்ப்பதில்லை, என்ன மாத்திரை என்று சொல்வதுமில்லை. இதுதான் அந்தச் செய்தியின் சாரம்.

அந்த மாத்திரைகள், வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் இபுபுரோபேன் இனத்தைச் சேர்ந்தவை. நல்ல உடம்புக்கே அவை அடிக்கடி ஆகாது. பைபாஸ் ஆன பெண்ணுக்கோ, இரைப்பையும் குடலும் இணைந்த தையல் இடத்தில் அவை புண்ணை உண்டாக்கும். புண் முற்றினால் ரத்தம் வடியும், ஓட்டையும் விழலாம். நீண்ட நாள் நின்றிருந்த மாதவிடாய் திரும்பும்போது வலியும் போக்கும் கூடுவது சகஜம். அந்த வலிக்கு அவர் கேட்கப் போவது எந்த மாத்திரையை? சூபர்வைசர் மேஜை டிராயரில் இருக்கும் அதே மாத்திரையைத்தான்! பாரசிட்டமால் போதுமா, வேறு வைத்தியம் வேண்டுமா என்று டாக்டர் பார்க்க வேண்டிய இடத்தில், உற்பத்திக் கணக்குப் பார்க்கிறவர் மருந்து கொடுப்பது எந்த விதத்தில் நியாயம்? பெயர் தெரியாத மாத்திரையை யார் கொடுத்தாலும் வாங்கி விழுங்காதீர்கள் என்று நம் சகோதரிகளை எச்சரிக்கிறோம்.

முடியும் முகமும்

ஆபரேஷன் ஆன மூன்றாம் மாதம் முதல் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்வதைக் கண்டு பல பெண்கள் அழுகிறார்கள். “நீர்க்கட்டி போகவில்லை, உள்ளதும் போயிற்று” என்கிறார்கள். எடை வேகமாக இறங்கும்போது உடம்பு முடியை உதிர்த்துவிடுகிறது. சத்து சரியாக இருந்தால் சில மாதங்களில் மறுபடியும் வளரும். ஓராண்டு தாண்டியும் நிற்கவில்லையென்றால், இரும்பையும் புரதத்தையும் தைராய்டையும் பார்க்க வேண்டும்.

முகத்து ரோமத்துக்குப் பொறுமை தேவை. ஏற்கெனவே தடித்து வளர்ந்துவிட்ட ரோமம், ஆண் சுரப்பு குறைந்தவுடன் மறைந்துவிடாது. புதிதாக முளைப்பது மெல்ல மெல்லக் குறையும். ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். இதற்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் வயிற்றுப் பிள்ளைக்குத் தீங்கு செய்யக்கூடியவை. கர்ப்பத்தடை இல்லாமல் அவற்றைச் சாப்பிடலாகாது.

மனச் சோர்வையும் சொல்லாமல் விடக் கூடாது. இந்த நோயுள்ள பெண்களுக்குச் சோர்வும் கவலையும் மற்றவர்களைவிட அதிகம் என்பதை உலக மருத்துவர்கள் ஒப்புக்கொண்டு, அதையும் விசாரித்துச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று வழிகாட்டியிருக்கிறார்கள். நாமோ, குண்டாக இருந்தபோது ‘பூசணிக்காய்’ என்கிறோம். இளைத்த பிறகு ‘சீக்காளி’ என்கிறோம். சங்கக் கூட்டத்தில் சமத்துவம் பேசிவிட்டு, வீட்டில் இப்படிப் பேசும் ஆண்கள் வெட்கப்பட வேண்டும்.

ஆலையும் வயலும்

சிறு வயிறு உள்ளவர் கொஞ்சம் கொஞ்சமாக, மென்று, நிதானமாகத் தின்ன வேண்டும். மூன்று வேளைக்குப் பதில் ஐந்து ஆறு வேளை. தின்னும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணி கழித்துத்தான் குடிக்கலாம். 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி இடைவேளையாவது தர வேண்டும் என்று விதித்தது. அந்த அரை மணியில் கை கழுவி, கேண்டீனில் வரிசையில் நின்று, வாரி விழுங்கிவிட்டு ஓடி வருகிற பழக்கம், ஆபரேஷன் ஆன பெண்ணுக்கு வாந்தியையும் நெஞ்சடைப்பையும்தான் கொடுக்கும். பசி மயக்கத்துக்கு ஒரு டம்ளர் சர்க்கரை டீயை ஊற்றிக்கொண்டால் படபடப்பும் வேர்வையும் வரும். ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தால் கையோ உயிரோ போகலாம்.

வயலில் நிலைமை இன்னும் கடினம். வெயிலில் வேலை செய்து தாகம் எடுத்தால், செம்பு நிறைய ஒரே மூச்சில் குடிப்பது நம் வழக்கம். சிறு வயிறு அதைத் தாங்காது. பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொண்டு பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை மடக்கு மடக்காகக் குடித்தால்தான் நாளுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் சேரும். வயிற்றுத் தையல் ஆற, நான்கு முதல் ஆறு வாரம் வரை பளு தூக்கக் கூடாது. நெல் மூட்டையும் விறகுச் சுமையும் தூக்குகிறவர் அந்த ஆறு வாரம் எதைத் தின்று உயிர் வாழ்வது?

மில் தொழிலாளிக்காவது ஈ.எஸ்.ஐ. என்று ஒன்று இருக்கிறது. 1955-ல் கோவையில் அந்தத் திட்டம் தமிழ்நாட்டில் முதன்முதலாக அமலுக்கு வந்தது. நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவிகிதம் தரும் ஏற்பாடு அதில் உண்டு. இதற்காகத் தொழிலாளியின் கூலியிலிருந்து மாதாமாதம் பிடிக்கிறார்கள். ஆகவே இது தர்மம் அல்ல, பாத்தியதை. ஆனால் விவசாயத் தொழிலாளிக்கு இந்தப் பாத்தியதையும் இல்லை. படுத்தால் கூலி இல்லை. கூலி இல்லையென்றால் முட்டையும் பாலும் இல்லை.

நாம் கேட்பது

லட்சக்கணக்கில் செலவாகும் ஆபரேஷனை இலவசமாகச் செய்துவிட்டு, சில ரூபாய் மாத்திரையும் ஒரு ரத்தப் பரிசோதனையும் இல்லாமல் அந்தப் பெண்ணை நடைப்பிணமாக்குவது வைத்தியமாகாது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் மூலம், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரைகள் கிராமத்து வீடுகளைத் தேடிப் போயின. அதைச் செய்ய முடிந்த சர்க்காருக்கு இதையும் செய்ய முடியும்.

எனவே நாம் கேட்கிறோம்: ஆபரேஷன் செய்துகொண்ட ஒவ்வொரு பெண்ணுக்கும், என்ன ஆபரேஷன், எந்தச் சத்து மாத்திரை, எப்போது ரத்தப் பரிசோதனை, எந்த வலி மாத்திரை ஆகாது, எப்போது வரை கர்ப்பம் ஆகாது என்பதையெல்லாம் தமிழில் எழுதிய அட்டை கொடுக்கப்பட வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே ரத்தசோகை கண்டறியப்பட்டுச் சரி செய்யப்பட வேண்டும். சத்து மாத்திரையும் பி-12 ஊசியும் ரத்தப் பரிசோதனையும், அவரவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் வாழ்நாள் முழுவதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். அதற்காக ஒரு நாள் கூலியை இழந்து ஜில்லாத் தலைநகருக்கு ஓட வைக்கக் கூடாது. ஆலைகளில் இத்தகைய பெண்களுக்கு இடைவேளையைப் பிரித்துப் பிரித்து எடுக்க அனுமதி வேண்டும். கேண்டீனில் முட்டையும் சுண்டலும் வேண்டும். பெயரில்லாத மாத்திரை ஒழிய வேண்டும். விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்கு, தையல் ஆறும் நாட்களுக்கு உதவிப்பணம் வேண்டும்.

இவற்றில் எதுவும் ஆகாயத்துப் பூ அல்ல. சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் இவற்றையும் சேர்த்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு மில்லிலும், ஒவ்வொரு கிராமத்திலும், இந்த ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் யார் யார், அவர்கள் மாத்திரை சாப்பிடுகிறார்களா, கடைசியாக ரத்தம் பார்த்தது எப்போது என்று மாதர் தோழர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்கட்டும். வெட்கத்தால் வாய் திறக்காத சகோதரிகள், கேட்பாரைக் கண்டால் சொல்லுவார்கள்.

நீர்க்கட்டி பாவத்தின் பலனும் அல்ல, சோம்பலின் கூலியும் அல்ல. அது உடம்பின் ஒரு கோளாறு. அதை அடக்கி வாழ வழி இருக்கிறது. அந்த வழி கையில் காசுள்ளவருக்கு மட்டும் திறந்திருக்கக் கூடாது. கத்தி பிடித்த கை தன் வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டது. மீதி வேலை நம் எல்லோருடையதும்.